நாலு பாகம்

கார்த்திகையில் சிப்பிக்குக் குளித்து ஏறும்போது
ததேயுஸ் ஒரு சாக்கு நிறையப் பாசி கொண்டுவந்தான்.
காசு வேண்டாமென்றான்.
"எடி பெனிற்றா, சிப்பியில ஒட்டின சவறு இது,
இதுக்கா ஒனக்கு டாக்டர் பட்டம்?"
எட்டாம் வகுப்பு வரை எனக்குப் பின்பெஞ்சு.
அன்றே குரல் கம்மியிருந்தது.
உப்புக்காற்று என்றான்.
நானும் நம்பினேன்.

கடியபட்டணத்துப் பாறையில் வளர்ந்ததை
நல்ல தண்ணீரில் ஏழுமுறை அலசி
நிழலில் உலர்த்தி, மிக்சியில் பொடித்து
மூன்று நாள் மெத்தனாலில் ஊறவிட்டேன்.
வடித்து வற்றவைத்தால்
சாக்குக்கு ஒரு கரண்டிப் பிசின்,
மீன்குழம்புச் சட்டியின் அடிப்பிடித்த கறுப்பில்
கொஞ்சம் பச்சை.
அதையும் ஏழாகப் பிரித்தேன்.
நான்காவதுதான் வேலை செய்தது.

வேலை செய்தது என்றால்,
உள்ளங்கை அகலத் தட்டு, தொண்ணூற்றாறு குழி,
குழிக்கு ஐயாயிரம் புற்றுச் செல்.
மஞ்சள் சாயம் ஊற்றி நாலு மணி நேரம் காத்திருந்தால்
உயிரோடிருப்பது அதைத் தின்று ஊதாவாகும்.
செத்தது மஞ்சளாகவே கிடக்கும்.
தவக்காலத்துக்கு ஊதா போர்த்தும் ஊரில் பிறந்தவள்,
ஊதா என்றால் உயிர் என்று பழக
ஒரு வருடம் பிடித்தது.

அன்று நான்காம் வரிசை முழுக்க மஞ்சள்.
கதவைத் தாழிட்டுக்கொண்டு சிரித்தேன்.

பிளீச்சிங் பவுடரும்தான் கொல்லும் என்றார் கைடு,
சோப்புத் தண்ணீரும் கொல்லும்.
நல்ல செல்லை என்ன செய்கிறது, அதைப் பார்.
பார்த்தேன். பாதியை விட்டுவைத்திருந்தது.
பாதி.
ஓர் எலிக்குக்கூட இன்னும் கொடுத்ததில்லை.

தையில் அவன் மனைவி பெல்சியா
ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள்,
ஸ்கேன் உறையை மார்போடு அணைத்தபடி.
"நீ மருந்து கண்டுபிடிச்சதா ஊருல பேச்சு.
காச்சிக் குடுத்தா கேக்குமா?"

எங்கள் பேச்சில் நோய்க்குக் காது உண்டு,
மருந்து சொன்னால் கேட்கும்.
என் குழிகளில் கிடப்பவற்றுக்குக் காது இல்லை,
தொண்டை இல்லை,
தொண்டைக்கு மேலே ததேயுஸின் முகமும் இல்லை.
"கேக்காது. குடுக்காத.
இதுல என்னெல்லாம் கெடக்குன்னு எனக்கே தெரியாது.
ஆஸ்பத்திரித் தேதியை விட்டுராத."
வாசலில் காய்ந்துகொண்டிருந்த பாசியைப் பார்த்தாள்,
பிறகு என்னை.

மாலையில் எடை போட்டபோது நாற்பது கிராம் குறைந்தது.
காற்று என்று நோட்டில் எழுதினேன்.
இரவு போன் செய்தேன்,
மூன்று தடவை.
எடுக்கவில்லை.

மாசியில் நானே இறங்கினேன்,
அதே பாறை, இடுப்பளவு நீர், அதே பாசி.
அதே அலசல், அதே மெத்தனால், அதே நான்காவது.
தட்டு முழுக்க ஊதா.
கோயிலில் சுரூபங்களைத் துணியால் மூடிய வாரம் அது.
பருவமா, வெயிலா, என் கையா,
அல்லது கார்த்திகையில் நான் சிரித்ததே பிழையா.

இரணியலில் ரயிலேறித் திருவனந்தபுரம் போனேன்.
முப்பத்துமூன்றில் இருபத்தொரு கதிர் முடிந்திருந்தது.
கழுத்து, கருவாட்டுத் தோல்.
பேச்சு இல்லை.
கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டேன்.
எங்கே பறித்தாய்?

கையில் கிடைத்த சீட்டைத் திருப்பிப்
பாறையை வரைந்தான்,
பறவை எச்சத்தில் வெளுத்த உச்சி உட்பட.
நான் இறங்கிய கரைப்பக்கம் ஒரு பெருக்கல் குறி.
அலை மோதும் பக்கம், கீழ்நோக்கி ஓர் அம்பு.
நாலு பாகம் என்று எழுதினான்.
வெளிச்சம் கம்மி என்று எழுதினான்.
பேனாவைக் கொடுத்தவன் திரும்ப வாங்கி
'நீ எறங்காத, ஒனக்கு முங்கத் தெரியாது.'
அருகில் பெல்சியா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
அந்த நாற்பது கிராமை
நானும் கேட்கவில்லை.

அட்டவணையில் காலியாகக் கிடந்த பத்தி: ஆழம்.
ஏழு புள்ளி மூன்று மீட்டர்.
சேகரித்தவர்: ததேயுஸ், முப்பத்துநான்கு.
பலன் என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு.

ரயில் பள்ளியாடி தாண்டும்போதுதான்
சீட்டின் மறுபக்கம் பார்த்தேன்.
அடுத்த புதன், காலை ஏழு மணி, ரத்தப் பரிசோதனை.
அசல் சீட்டு.
அதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.